காமாரியா வீட்டுக் கதவைக் கழற்றிய கதை

இன்றைக்குக் காமாரியாவை வீட்டை விட்டுக் கிளப்பியே தீருவது என்று ஷேக் அலாவுதீன் முடிவு கட்டினார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கும்போது கட்டிய முடிவு அது. போயும் போயும் அந்தப் படியில் வைத்தா அப்படி நினைத்தோம் என்று பிற்பாடு வெட்கப்பட்டார். அது பிற்பாடு.

பினாங்கு சூலியா தெருவில் வெற்றிலை பாக்குக் கடை அவருக்கு. இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, ஆச்சே தெருச் சந்தில் ஒரு ஓட்டு வீடு வாங்கியிருந்தார். வாங்கி எட்டு மாசம்தான் ஆகிறது. வீட்டோடு சேர்ந்து வந்தவள் காமாரியா. புருஷனை இழந்தவள், கல்யாணத்துக்கு நிற்கிற குமருகள் இரண்டு. முந்தின வீட்டுக்காரர் காலத்திலிருந்தே அங்கேதான் குடித்தனம்.

வாடகை பாக்கி இருந்தால் ஒரு சத்தம் போட்டுக் கிளப்பிவிடலாம். அந்தப் புண்ணியவதியோ ஒன்றாம் தேதி வெயில் ஏறுவதற்குள் வாடகையைக் கொடுத்துவிடுவாள். கூடவே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு குறையும் சொல்லுவாள். ஓடு ஒழுகுது நானா. படி ஆடுது நானா. கிணத்து ராட்டினம் கத்துற கத்தல்ல பக்கத்து வீட்டுச் சீனன் பிள்ளை தூக்கத்துல அழுவுது நானா. அத்தனையும் நியாயம். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக இருந்தால் கோபப்படவாவது செய்யலாம்.

யோசனைக்கு யூசுப் ராவுத்தரிடம் போனார். ராவுத்தருக்கு மூன்று வீடு. பினாங்கில் யார் புதிதாக வீடு வாங்கினாலும் அவர்தான் புத்தி சொல்லுவார். கேட்காமலே சொல்லுவார்.

"புது வீட்டுக்காரன் பண்ற முதல் தப்பு என்ன தெரியுமா தம்பி?"

"சொல்லுங்க நானா."

"குடியிருக்கிறவங்க சொல்றதைக் காதுல வாங்குறது. ஒரு ஓட்டை மாத்திக் குடுத்தே, அப்புறம் ஆயுசு பூரா ஏணியிலதான் நிக்கணும்."

"அப்போ என்னதான் செய்ய?"

"போன்னு நீ சொல்லாதே. பாவம் உன்னைச் சுத்தும். போகணும்னு அவளுக்கே தோணணும். வாசக் கதவைக் கழட்டிரு."

"கதவையா!"

"ரிப்பேருன்னு சொல்லு. உன் கதவு, உன் இஷ்டம்லா. ரெண்டு குமரை வெச்சுக்கிட்டுக் கதவில்லாத வீட்ல கோஷாப் பொம்பளை ஒரு பொழுது இருப்பாளா? சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள மூட்டையைக் கட்டிக்கிட்டுப் பாலிக் புலாவுல அண்ணன் வீட்டுக்குப் போயிருவா. கதவைக் கொண்டாந்து என் சரக்குக் கிட்டங்கியில கயித்து மூட்டைக்குப் பின்னால சாத்து. ஆள் போனதும் எடுத்து மாட்டு."

இவ்வளவு அறிவு மூன்று வீடு இருந்தால்தான் வரும் என்று அலாவுதீன் நினைத்துக்கொண்டார்.

கதவைக் கழற்றுவது நினைத்த மாதிரி லேசாக இல்லை. கீல் துருப்பிடித்து மல்லுக்கு நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டியது. கொஞ்ச நேரம் கழித்து அதே கை ஒரு குவளைக் கோப்பியையும் நீட்டியது.

"எட்டு மாசமா சொல்றேன், இன்னிக்காவது ரிப்பேருக்கு வந்தீங்களே. அல்லா உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் நானா."

கோப்பியைக் குடித்துவிட்டுக் குவளையைத் திரையோரம் வைத்தார். அப்போதே திரும்ப மாட்டியிருக்கலாம். மாட்டவில்லை. கைவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கடைத்தெருவில் ஒரு மனுஷன் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் பினாங்கு சும்மா விடுமா? "என்ன நானா, கதவை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் பால்காரர் பக்கிரிசாமி. கீல் ஒடிஞ்சிருச்சு என்றார். பாசார் முனையில் மீன்காரி கேட்டாள். கரையான் என்றார். பள்ளிவாசல் மோதினார் கேட்டார். அவரிடம் பொய் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் சின்னப் பொய்யாக, சாயம் அடிக்க என்றார்.

சாயங்காலம் கடையைக் கட்டிவிட்டு, காரியம் முடிந்த நெஞ்சு நிமிர்வோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் தட்டினார். சம்சாரம் சலேஹா ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"அங்கேயே நில்லுங்க. உள்ள வராதீங்க."

"ஏன்? இது என் வீடுதானே?"

"காமாரியா வந்திருக்கு. ரெண்டு குமரும் வந்திருக்கு."

"பாலிக் புலாவுக்குப் போகலியா?"

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"பாலிக் புலாவுக்கு எதுக்குப் போகணும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"வீட்டுக்காரர் வீடு கூப்பிடு தூரத்துல இருக்கு. அவர் பெண்டாட்டி நான் உசிரோட இருக்கேன். பாலிக் புலாவுக்குப் போகுமா அது? நாந்தான் கையோட கூட்டியாந்தேன். கதவு எப்ப வரும்?"

"ஆசாரி கையில இருக்கு. ஒரு எட்டு நாள் ஆகும்."

"ஆகும், ஆகும். கீல் ஒடிஞ்சதுன்னு பால்காரர் சொன்னாரு. கரையான்னு மீன்காரி சொன்னா. சாயம்னு மோதினார் வீட்ல சொன்னாங்க. ஒரே கதவுக்கு மூணு வியாதி. எட்டு நாளாவது வைத்தியம் வேணும்லா."

அலாவுதீன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அந்நியக் குமருங்க இருக்கிற வீட்ல நீங்க படுக்க முடியாது. ஊர் என்ன சொல்லும்? அவங்க சட்டி பானை அத்தனையும் அங்க திறந்த வீட்ல கிடக்கு. ஒரு கரண்டி காணாமப் போனாலும் பழி கதவைக் கழட்டினவர் மேலதான். அங்கேயே போய்க் காவல் படுங்க. இந்தாங்க பாய். இந்தாங்க தலகாணி."

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவுக்கு ஒரு வியாதியும் இல்லை. நன்றாகவே சாத்திக்கொண்டது.

விடிந்ததும் ராவுத்தர் கிட்டங்கிக்கு ஓடினார். கயிற்று மூட்டைக்குப் பின்னால் வெறும் சுவர்தான் நின்றது.

"உன் வீட்ல இருந்து நேத்தே ஆள் வந்துச்சே தம்பி. நீதான் அனுப்பினதா சொன்னாங்க. ஏன், நீ அனுப்பலியா?"

"அனுப்பினேன், அனுப்பினேன்," என்றார் அலாவுதீன்.

இப்போது பாருங்கள் அவர் நிலைமையை. கதவு சலேஹாவிடம் இருக்கிறது; கைவண்டி எங்கே போனது என்று கடைத்தெருவே அவளிடம் சொல்லியிருக்கும். அது எங்கே என்று சலேஹாவிடம் கேட்க முடியாது. கேட்டால் ஆசாரி எங்கே என்று அவள் கேட்பாள். அவர் சொன்ன பொய்க்குள் அவரே குடித்தனம் போய்விட்டார்.

கதவில்லாத வீடு சத்திரம் மாதிரி. போகிறவன் வருகிறவன் எல்லாம் தலையை நீட்டி, "வீடு வாடகைக்கா நானா?" என்றான். ஒரு ஆடு வந்து தலையணையைத் தின்றது. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் ராட்டினம் ஊரைக் கூட்டியது, பக்கத்து வீட்டுச் சீனத்தி மதில் மேல் எட்டிப் பார்த்துச் சீனத்தில் என்னவோ சொன்னாள். பாஷை புரியவில்லை. திட்டு புரிந்தது. மூன்றாம் நாள் படி அவரைக் கீழே தள்ளியது. சாப்பாட்டு வேளைக்குச் சொந்த வீட்டின் பின்வாசலில் பக்கீர் மாதிரி நிற்பார். தூக்குச்சட்டி வெளியே வரும். சோற்றுக்கு ஊற்றிய ஆணம் வழக்கத்தைவிட ருசியாக இருந்தது. காமாரியா கைப்பக்குவம் என்று தெரிந்ததும் பாதியிலேயே சட்டியை மூடிவைத்தார்.

நாலாம் நாள் பகலில் சாப்பிட்டுச் சாய்ந்த நேரம் மழை பிடித்துக்கொண்டது. சொட்டுக்குத் தப்பிப் பாயை இழுத்தார். அங்கேயும் சொட்டியது. இன்னொரு மூலைக்கு இழுத்தார். அப்போதுதான் தரையைச் சரியாகப் பார்த்தார். ஒவ்வொரு ஒழுக்குக்கும் நேர் கீழே ஒரு சட்டி, அளவு பார்த்து வைத்திருந்தது. பெரிய ஒழுக்குக்குப் பெரிய சட்டி. சட்டி இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், சுவரோரம், ஒரு பாய் அகலம். அந்த ஒரு பாயில்தான் மூன்று பேர் படுத்திருக்கிறார்கள்.

அலாவுதீன் அந்த ஒரு பாய் அகலத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். மழை விடுகிறவரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. ஏணி ஒன்றை இரவல் வாங்கி ஓட்டின் மேல் ஏறினார். ராவுத்தர் சொன்ன ஏணி நினைவுக்கு வந்தது. இறங்கவில்லை. ஆறாம் நாள் படியைப் பெயர்த்துப் புதுப் பலகை போட்டார். ஏழாம் நாள் ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார். பக்கத்து வீட்டில் குழந்தை அசையாமல் தூங்கியது.

எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து நேராகப் பின்வாசலுக்கு வந்தார். தூக்குச்சட்டி வெளியே வந்தது. வாங்கவில்லை.

"சலேஹா, ஆசாரின்னு யாரும் இல்லை."

"தெரியும்."

"அவங்களைக் கிளப்பணும்னுதான் கழட்டினேன்."

"அதுவும் தெரியும். இதைச் சொல்ல எட்டு நாளா உங்களுக்கு? எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்க சொல்லுங்க."

பின்வாசல் திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அவர் திரையைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, முழுசும் சொன்னார். கோப்பி குடித்ததைக்கூடச் சொன்னார்.

பிறகு காமாரியா பேசினாள்.

"எனக்குத் தெரியும் நானா. ரிப்பேருக்கு வர்றவங்க ஒழுகுற ஓட்டை விட்டுட்டு நல்ல கதவைக் கழட்ட மாட்டாங்க. போனது போகட்டும். கதவைத் தூக்க ஆள் கூட்டியாங்க. என் சின்னவ அது மேலதான் எட்டு நாளாப் படுக்கிறா, எழுப்பிவிடுறேன்."

நாலு பெட்டியை முட்டுக்கொடுத்து அதன்மேல் கதவைப் போட்டு, மெத்தை விரித்திருந்தாள் சலேஹா. அசருக்கு முன்னால் கதவு பழைய நிலையில் ஏறிவிட்டது. காமாரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டைப் பார்த்தாள், படியில் ஏறி இறங்கினாள், ராட்டினத்தை இழுத்துப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் அவள் வாய் மூடி நின்றதை அலாவுதீன் அன்றுதான் பார்த்தார். அதையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை அவரால்.

மறுநாள் காலை சொந்த வீட்டில், சொந்தப் பாயில், மானம் போனாலும் முதுகு தப்பியதே என்று படுத்திருந்தார். வாசலில் பெண்கள் குரல். எட்டிப் பார்த்தார். யூசுப் ராவுத்தரின் மூன்று வீட்டிலும் குடியிருக்கிற பெண்கள், மூன்று பேரும் சலேஹாவைச் சூழ்ந்து நின்றார்கள்.

"ராத்தா, எங்க வீடுகளும் ஒழுகுது. நானாவை வீட்டுக்கு ஒரு வாரம்னு அனுப்பி வைங்க. கதவை நாங்களே கழட்டி வெச்சிர்றோம்."