தவக்காலப் பிரியாணி

அங்கி தலையில் நுழைந்தது, தோளில் இறங்கியது, வயிற்றருகே வந்ததும் நின்றுவிட்டது.

"மூச்சை உள்ள இழுங்க தம்பி" என்றார் கித்தேரியம்மாள். வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் அது "ஊச்சை உள்ள இழுங்க" என்றுதான் கேட்டது.

உபகாரம் இழுத்தார். முகம் சிவந்தது. அங்கி அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வந்துருங்க."

பங்கு மன்றத்தில் ஒத்திகைக்கு வந்திருந்த ரோமைச் சேவகர்களும் எருசலேம் நகரத்துப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்கா நாடகத்தில் பத்து வருடமாக இயேசு வேடம் உபகாரத்துக்குத்தான். நடிப்புக்காக என்று சொன்னால் அது பொய். கொடைக்கானல் மலையில் அவ்வளவு துல்லியமாக விலா எலும்பு தெரிகிற இன்னொரு கத்தோலிக்கர் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட லேபில் அட்டெண்டர் வேலை. அங்கே நிற்கும் எலும்புக்கூட்டையும் இவரையும் பார்த்து, இதில் எது சார் என்று பிள்ளைகள் கேலி செய்த காலம் ஒன்று உண்டு.

அந்தக் காலம் போன வருடத்தோடு போயிற்று.

"தவக்காலத்துல ஊரே இளைச்சுக் கெடக்கு. நீங்க மட்டும் எப்படித் தம்பி..." என்று ஆரம்பித்தார் கித்தேரியம்மாள்.

"அது வந்துங்க..."

உபகாரம் திணறினார். கித்தேரியம்மாள் அவசரமாக வாயிலிருந்த ஊசிகளை உள்ளங்கையில் துப்பிக்கொண்டார்.

"பிரியாணிதானே? சரி விடுங்க. யாருக்குத்தான் நாக்கு இல்ல."

மன்றமே சிரித்தது. நாற்பது நாள் கறி தொடாமல் சுத்தபோசனம் இருக்க வேண்டிய காலத்தில், இயேசு வேடம் போடுகிறவர் பிரியாணி தின்றார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இல்லை என்று சொல்லத்தான் உபகாரம் வாயைத் திறந்தார். இல்லை என்றால், பின்னே எப்படி என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார்.

காரணம் இதுதான். போன ஐப்பசி மழையில் உபகாரம் படுத்தார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் திரும்பியே படுக்கவில்லை. சோறு இறங்கவில்லை, சும்மா சும்மா அழுகை வந்தது. மனைவி ஜென்சி அவரைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினார். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "ரசத்துல உப்பு கம்மி" என்றார் மனிதர். ஜென்சி அடுப்படிக்குள் போய் சந்தோஷத்தில் அழுதார்.

சிலருக்குப் பசி கூடும், எடை ஏறும் என்று டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் உபகாரம் முதல் ஆளாக நின்றார். மனசு தேறியது, உடம்பு அதைவிட வேகமாகத் தேறியது.

வெளியே சொல்லியிருந்தது முதுகுவலி என்று. மாத்திரையை உள்ளூர் மெடிக்கலில் வாங்காமல் கீழே திண்டுக்கல்லிலேயே வாங்கி, பழைய காபித்தூள் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மனசுக்கு மாத்திரை தின்கிறவன் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் சிலுவையில் தொங்கும்போது ஜனங்கள் சுவாமியை நினைக்க மாட்டார்கள், அந்த டப்பாவைத்தான் நினைப்பார்கள் என்று பயந்தார். யோசித்துப் பார்த்தால் பிரியாணி கொஞ்சம் மரியாதையான குற்றமாகத் தோன்றியது.

மறுநாள் வெள்ளனே எழுந்து ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பாதி ஏரியில் பசி வந்தது. மீதிப் பாதியில் சுட்ட சோளமும் பிரெட் ஆம்லெட்டும் வந்தன. வீட்டுக்கு வந்து ஏறிப் பார்த்தால் எடை மெஷின் முந்தின நாளைவிடக் கூடுதலாகக் காட்டியது.

"என்னண்ணே, பிரியாணியக் கரைக்கீங்களா?" என்று எதிரே வந்த பங்குக்காரர்கள் அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள். வாரம் முடிவதற்குள் அது மட்டன் பிரியாணி என்றும், வத்தலக்குண்டிலிருந்து பார்சலில் வருகிறது என்றும் பேச்சு முற்றிவிட்டது. கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சொல்லாதவரும் ஒருவரும் இல்லை.

வெட்கத்தில் உபகாரம் கோயிலில் கடைசி பெஞ்சுக்கு நகர்ந்தார். அங்கே அவருக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. ஞாயிறு பூசையில் கித்தேரியம்மாள் மன்றாட்டு வாசிப்பார். மழைக்காலத்திலிருந்து அதில் ஒரு மன்றாட்டு விடாமல் வந்துகொண்டிருந்தது.

"பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரரின் மன அமைதிக்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

பாவம், யாரோ என்னைப் போலவே ஒரு ஜீவன் என்று உபகாரத்துக்கு நெஞ்சு கரையும். கோயிலே அதிரப் பதில் சொல்லுவார். முன் பெஞ்சுப் பெண்கள் திரும்பிப் பார்த்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஜென்சி முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

அந்தச் சகோதரர் யார் என்று உபகாரம் துப்பறிந்தார். ஜீப் ஓட்டும் டிக்சன் மேல் சந்தேகம் விழுந்தது. நாடகத்தில் வலப்பக்கத்துச் சிலுவையில் தொங்கும் நல்ல கள்ளன் அவன்தான். கொஞ்ச நாளாக எப்போது பார்த்தாலும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான், யாரிடமும் பேச்சில்லை.

உபகாரம் அவனை டீக்கடைக்கு இழுத்துப் போனார்.

"டிக்சன், எதுவா இருந்தாலும் மனசுல போட்டு வச்சுக்காதலே. நான் இருக்கேன். வெளிய சொல்ல மாட்டேன்."

டிக்சன் அவரையே பார்த்தான்.

"சரிண்ணே. நீங்களும் எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லலாம்ணே."

"எனக்கு என்னடா? பிரியாணிதான்."

"ஆமாண்ணே, பிரியாணிதான்" என்று அவசரமாக ஒத்துக்கொண்டு டீயைக் குடித்தான் டிக்சன். குடிக்கும்போதே முகத்தைச் சுளித்தான். எவ்வளவு துக்கம் என்று உபகாரத்துக்குக் கண் கலங்கியது.

பூம்பாறைப் பூண்டைப் பச்சையாகத் தின்றால் கொழுப்பு கரையும் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். உபகாரம் ஒரு பிடி தின்றுவிட்டு அடுத்த ஒத்திகைக்குப் போனார். மேலுக்கு, முதுகுவலிக்காரர்கள் கட்டும் பெல்ட் ஒன்றை வாங்கி, வயிற்றை உள்ளே அமுக்கி இறுக்கியிருந்தார்.

சிலுவைப் பாதையில் தாயும் மகனும் சந்திக்கும் காட்சி. மாதா வேடம் போட்ட சுஜிதா டீச்சர் ஓடிவந்து அவர் முகத்தருகே குனிந்தார். மூச்சு நின்றது. தாரை தாரையாகக் கண்ணீர் கொட்ட, முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்.

"சபாஷ் டீச்சர்! இதுதான் வேணும்!" என்று பங்குத்தந்தை கைதட்டினார்.

அடுத்து, இயேசு இரண்டாம் முறை விழ வேண்டும். உபகாரம் விழுந்தார். படார் என்று பெல்ட் அறுந்தது. இடிச் சத்தத்துக்காகக் காத்திருந்த மேளக்காரர் இதுதான் சைகை என்று நினைத்து இரண்டு கையாலும் அடித்து நொறுக்கினார். அவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடந்த வயிறு, அங்கியின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வந்து நாலாபக்கமும் பார்த்தது.

உபகாரம் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"வேற ஆளைப் போடுங்க ஃபாதர். எனக்கு மானம் போகுது."

"யாரைப் போட?" என்று கித்தேரியம்மாள் குரலை உயர்த்தினார். "அஞ்சாயிரம் பேருக்கு அப்பமும் மீனும் குடுத்தவரு, தான் மட்டும் பட்டினியாவா கெடந்திருப்பாரு? துணியில குறை இருந்தா நான் ஒட்டுப் போடுறேன். எந்திரிங்க, எனக்குச் சோலி கெடக்கு."

இதற்கு மேல் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்து, உபகாரம் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். ஃபாதரிடம் மாத்திரையைச் சொல்லிவிட்டு, வேடத்தையும் விட்டுவிடலாம் என்று திட்டம். முழங்காலில் நின்றார்.

"ஃபாதர், நான் ஒண்ண மறைச்சுட்டேன். என் உடம்பு ஏன் இப்படி ஆச்சுன்னா..."

வலைத் தடுப்புக்கு அப்பாலிருந்து ஃபாதர் முந்திக்கொண்டார்.

"பிரியாணியா? பரவால்ல உபகாரம், சாப்பிட்டாப் போச்சு. கடவுள் உன்னைக் கைவிட மாட்டாரு. தெம்பா இரு. அது போதும்."

வந்த தைரியம் அத்தனையும் வந்த வழியே போனது. "ஆமா ஃபாதர், பிரியாணி" என்றார் உபகாரம். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு கிடைத்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்திலேயே பொய் சொன்ன பாவத்துக்கு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். வரிசையோ தெரு வரைக்கும் இருந்தது.

குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள் காலையில், மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"பாஸ்கா முடியுற வரைக்கும் நிறுத்தி வச்சா என்ன ஜென்சி?"

ஜென்சி கரண்டியைக் கீழே வைத்தார்.

"டாக்டர்ட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன். நீங்களா நிறுத்தக் கூடாது, ஈஸ்டர் கழிச்சு வாங்க, வேற மருந்து சரிவருமான்னு பாக்கலாம்னாரு."

"அப்புறம் என்ன? அந்த மழையில நீங்க சுவத்தைப் பாத்துப் படுத்துக் கெடந்தீங்க. நான் உங்க முதுகைப் பாத்தே உக்காந்திருந்தேன். உங்க விலா எலும்பை வச்சு நான் என்னங்க பண்ண? எனக்கு ஆளு வேணும்."

உபகாரம் மாத்திரையை விழுங்கினார். ஜென்சி தண்ணீர் கொடுத்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை மதியம், உபகாரம் பனிமூட்டத்துக்காக உருக்கமாக ஜெபித்தார். கொடைக்கானலில் யாரும் கேட்காமலே வருகிற பனிமூட்டம். துணி காயப்போட்டால் வரும், கல்யாண போட்டோ எடுத்தால் வரும். அன்றைக்கு வரவில்லை. வானம் பளிச்சென்று கழுவிவிட்டது போல் கிடந்தது.

அங்கியை உரிந்தார்கள். இடுப்புத் துணியோடு, இரட்டைக் கயிறு போட்டு அவரைத் தைலமரச் சிலுவையில் கட்டினார்கள். ஆறு பேர் தூக்க வேண்டிய சிலுவையை ஒன்பது பேர் தூக்கி நிறுத்தினார்கள். கீழே மைதானம் முழுக்க ஜனம். தன் வயிறு அத்தனை பேருக்கும் முன்னால் வெயிலில் பளபளப்பதை உபகாரம் உணர்ந்தார். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. இப்போது சிரிப்பார்கள், இதோ சிரிப்பார்கள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. மைதானமே விசும்பிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். வலப்பக்கத்துச் சிலுவையில் டிக்சன் தொங்கிக்கொண்டிருந்தான். முகம் வேதனையில் கோணியிருந்தது. ஒருபக்கக் கன்னம் வீங்கிக்கூட இருந்தது. அழுது அழுது வீங்கியிருக்கும்.

இவ்வளவு வேதனையைத் தனியாகச் சுமக்கிறானே இந்தப் பையன், நான் ஒருத்தன் வயிற்றை நினைத்துக்கொண்டு கிடக்கிறேனே என்று உபகாரத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வசனமெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வாயசைத்தால் போதும். உபகாரம் மெல்லத் தலையைச் சாய்த்தார்.

"டிக்சன்."

"அண்ணே, வாயசைக்காதீங்க. இன்னும் உங்க வசனம் வரல."

"வரலைன்னா போகுது. கேளு. நீ தனி ஆளுன்னு நெனைக்காதடா. நானும் மாத்திரைதான் சாப்பிடுறேன். மனசுக்கு. அதுலதான் இந்த உடம்பு. பிரியாணியெல்லாம் பொய்."

சொல்லிவிட்டார். ஜென்சியைத் தவிர ஒருவரிடமும் சொல்லாததைச் சிலுவையில் கட்டுண்டு கிடக்கும்போது சொல்லிவிட்டார். நெஞ்சில் வைத்திருந்த மூட்டை இறங்கியது போல் இருந்தது. கீழே மேளக்காரர் இடி முழக்கினார்.

டிக்சனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தெரியும்ணே. ஊருக்கே தெரியும். நீங்க கூச்சப்படுவீங்கன்னுதான் எல்லாருமா சேந்து பிரியாணின்னு வச்சுக்கிட்டோம்."

உபகாரத்துக்குத் தலை சுற்றியது. நல்லவேளை, கயிறு இரட்டையாக இருந்தது.

"ஊருக்கேவா? அப்ப நீ? உனக்காகத்தானேடா நான் ஞாயித்துக்கிழமை தவறாம அந்தக் கத்துக் கத்துனேன்?"

"எனக்குக் கடவாப்பல்லு வலிண்ணே. அந்தப் பேர் சொல்ல விரும்பாத சகோதரர் நீங்கதான்."