சுமை மாற்ற ஆணை

ஒன்டாரியோவின் வடகோடியில் கால்டர் லேக் என்றொரு சுரங்க ஊர். அங்கே பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அதன் ஆசிரியர்கள் சொன்னால் செல்லாது. பன்னிரண்டு வருடம் கூடவே இருந்தவர்கள் என்பதால் அவர்கள் பாரபட்சம் உள்ளவர்கள். பிள்ளையை ஒருநாளும் பார்த்திராத எழுத்தறிவு உறுதிப்பாட்டு அலுவலகம்தான் அதைச் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு தேர்வு உண்டு. தேறினால்தான் பள்ளிச் சான்றிதழ்.

பதினேழு வயது ஐலி கோஸ்கெலா அந்தத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அச்சடித்த எழுத்து அவளுக்கு நிற்காது. ஒரு வரியின் வால் அடுத்த வரியின் தலைமேல் ஏறிக்கொள்ளும். ஆனால் காதால் கேட்டது அப்படியே மனதில் தங்கிவிடும். நகராட்சியின் பனி தள்ளும் வண்டிகளில் எது படுத்துக்கொண்டாலும், அதன் கையேட்டைக் கைப்பேசி வாசிக்க வாசிக்க அவள் அடியில் படுத்து எழுப்பிவிடுவாள். வண்டிக் கொட்டகையின் மேலாளர் நார்ம் லமோன்டேன் அவளுக்கென்று பயிற்சி மெக்கானிக் இடம் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். ஜூன் முப்பதுக்குள் சான்றிதழைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் தெற்கே வேறு ஊருக்குப் போய்விடும்.

"உன்னை மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சலுகை இருக்கு, ஐலி," என்றார் ஆசிரியை ஓடெட் ட்ரூடெல். "கேள்வித்தாளைக் கம்ப்யூட்டரே வாசிச்சுக் காட்டும். ஒரு விண்ணப்பம் போட்டாப் போதும்."

விண்ணப்பம் பதினான்கு பக்கம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி: 'மேற்கண்ட யாவற்றையும் பிறர் உதவியின்றி நானே வாசித்து, ஐயமறப் புரிந்துகொண்டேன்.'

"மிஸ், நான் இதை வாசிக்கலையே."

"யாரு வாசிக்கிறா? எல்லாரும் போடுறதுதான், போடு."

"வாசிக்க வரலைன்னு சொல்றதுக்குத்தானே இந்த விண்ணப்பமே?"

ட்ரூடெல் பேனாவை மூடித் திறந்தார். "அதை ரொம்ப ஆழமா யோசிக்காத."

ஐலி கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பதினான்கு பக்கக் கடின உரைநடையை உதவியின்றி வாசித்துப் புரிந்துகொண்ட விண்ணப்பதாரருக்கு அலுவலகம் தன் பாராட்டைத் தெரிவித்துக்கொண்டது. அவருக்குச் சலுகை தேவைப்படாது என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்தது. அடுத்த முறை கையெழுத்துப் போடாமல் அனுப்பினாள். கையொப்பமற்ற விண்ணப்பம் விண்ணப்பமே ஆகாது என்று பதில் வந்தது. அதற்குள் ஏப்ரல் பாதி போய்விட்டது.

ட்ரூடெல் தொலைபேசியில் மன்றாடியதன் பேரில் அலுவலகத்தின் மண்டல வாசிப்புச் சமத்துவ ஒருங்கிணைப்பாளர் லெஸ்லி ஹார்கிரேவ் நேரிலேயே வந்தார். நாற்காலி அதிகாரத்தின் சின்னம் என்று அந்த வருடம் ஏதோ பயிலரங்கில் சொல்லியிருந்தார்கள். ஆகையால் தரையில் மெத்தையைப் போட்டுச் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவை தோத்துட்டேன், சார்," என்றாள் ஐலி.

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. 'என் வெற்றி வந்துக்கிட்டு இருக்கு'ன்னு சொல்லணும்."

"ஜூனுக்குள்ள வந்துடுமா?"

"தேதி எங்க பிரிவு இல்ல."

"இந்தக் கடைசி வரியை எடுத்துட்டா எனக்கு வேலை முடிஞ்சிடும், சார்."

"அதெப்படி எடுக்கிறது? எதுல கையெழுத்துப் போடுறோம்னு தெரியாம யாரும் போட்டுடக் கூடாது பாரு. உன் பாதுகாப்புக்காகத்தான் வெச்சிருக்கு."

"நீங்க இதை முழுசா வாசிச்சிருக்கீங்களா?"

"நான் ஒருங்கிணைப்பாளர்," என்றார் ஹார்கிரேவ், சற்று மனம் நொந்தவராக. பிறகு மனமிரங்கி அவளுடைய தேர்வைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். வாசிப்புச் சிரமம் முற்றிலும் நீங்கிய பின் அவள் எப்போது வேண்டுமானாலும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஐலி நேரே கொட்டகைக்குப் போய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்தாள். ஒரு மணி நேரமாகியும் சத்தமே வராததால் நார்ம் குனிந்து பார்த்தார். அவள் கையில் எந்தக் கருவியும் இல்லை.

செய்தி காப்பிக் கடைக்குப் போனது. ஊர் கொதித்தது. கொதித்த ஊர்கள் வழக்கமாகச் செய்வதையே கால்டர் லேக்கும் செய்தது: ஒரு கோரிக்கை மனு. எழுதும் பொறுப்பை நகராட்சி எழுத்தர் வெண்டல் பெட்டிக்ரூ ஏற்றார். முப்பது வருடமாக ஊரின் தீர்மானங்களை எழுதி வந்தவர் அவர். ஒரே இரவு அவகாசம் கேட்டார், மூன்று பக்கத்தோடு வந்தார்.

"மூணு பக்கம் எதுக்கு, வெண்டல்? அந்தப் பொண்ணுக்குக் கம்ப்யூட்டரைக் குடுங்கன்னு ஒரு வரி போதாதா?" என்று கேட்டார் நார்ம்.

"ஒரு வரின்னா வாசிச்சிடுவாங்க. மதிப்பே இருக்காது."

பனிச்சறுக்கு அரங்கின் வாசலில் மேசை போட்டார்கள். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ட்ரூடெல் போட்டார், நார்ம் போட்டார், ஐலியின் அப்பா ரெய்னோ போட்டார், பெட்டிக்ரூ எல்லோருக்கும் மேலே கொஞ்சம் பெரிதாகப் போட்டார். கடைசியில் மரியாதைக்காக ஐலியிடம் நீட்டினார்கள்.

அவள் கைப்பேசியைக் காகிதத்தின்மேல் பிடித்தாள். அது உணர்ச்சியில்லாத குரலில் மூன்று பக்கத்தையும் வாசித்தது. நானூறு பேர் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். இரண்டாம் பக்கத்தில் இப்படி வந்தது: 'மேற்படி மாணவிமீது நாளது வரை ஏற்றப்பட்டுள்ள சுமை முழுவதையும் அவளினின்றும் இறக்கி, இதன்கீழ் ஒப்பமிட்டுள்ள எங்கள் ஒவ்வொருவர்மீதும் பின்வாங்கவியலாதவாறு ஏற்றியருளும்படி பிரார்த்திக்கிறோம்.'

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்கதான் தேர்வு எழுதணும்னு இருக்கு," என்றாள் ஐலி.

பெட்டிக்ரூ சிரித்தார். "அது ஒரு நயம்மா. அழகுக்கு எழுதுறது."

"நயம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"ஐலி, உனக்காக ஊரே போட்டிருக்கு," என்றார் ரெய்னோ மெதுவாக. "நீ மட்டும் போடலைன்னா என்ன நினைப்பாங்க?"

"நான் முழுசாக் கேட்டுட்டேன்பா. கேட்டதுக்கப்புறம் எப்படிப் போடுறது?"

அன்றைக்குப் பலருக்கு அவள்மேல் கொஞ்சம் வருத்தம்தான். இதற்காகவா குளிரில் நின்றோம் என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

அலுவலகம் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக நான்கு நாளில் பதில் போட்டது. கோரியவை கோரியபடியே வழங்கப்பட்டன. மாணவி ஐலி கோஸ்கெலாவின் தேர்வுச் சுமை இறக்கப்பட்டுவிட்டதால் அவளுக்குரிய சான்றிதழ் இத்துடன் இணைப்பு. அந்தச் சுமை ஏற்றப்பட்ட நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஜூன் எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்குத் தேர்வெழுத வர வேண்டும். தேறாதவர்களின் பழைய சான்றிதழ்கள் தேறும்வரை செல்லாமல் உறங்குநிலையில் இருக்கும்.

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் பெட்டிக்ரூவைப் பார்த்தார்கள். அவர் தன் மனுவை முதல்முறையாக வாசித்துப் பார்த்து, வியர்த்து, உண்மையைச் சொன்னார். அந்தப் பத்தி பழைய பாலத்துக்காக எழுதிய கோரிக்கையிலிருந்து எடுத்தது. அதில் சுமை என்றது லாரிகளின் சுமை. 'பாலம்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மாணவி' என்று மாற்றியிருந்தார், வேறொன்றையும் தொடவில்லை.

தேர்வு அதே பனிச்சறுக்கு அரங்கில் நடந்தது. மேப்பிள் மரம் இலையுதிர் காலத்தில் என்ன உணர்கிறது என்பது பற்றி இரண்டு பக்கக் கட்டுரை. இதனால் ஆசிரியர் உணர்த்த விரும்புவது யாது என்று கேள்வி. ஐம்பத்தெட்டு வயது நார்ம், 'மரத்தைக் கேட்கவும்' என்று எழுதினார். ட்ரூடெல் எட்டுப் பக்கம் எழுதினார். ஆனால் விடைக்கென்று விட்டிருந்த இடம் நான்கு வரி. அதைத் தாண்டியவை திருத்தப்படவில்லை. எழுபத்தொரு பேர் தேறினார்கள். மற்றவர்களுக்கெல்லாம் வெற்றி வந்துகொண்டிருக்கிறது என்று ஹார்கிரேவ் தம் கைப்படக் கடிதம் எழுதினார்.

ஜூலை முதல் வாரம் ஐலி புது வேலை அங்கியோடு கொட்டகைக்குப் போனாள். நார்ம் ஒரு கடிதத்தை நீட்டினார். நடப்பிலுள்ள சான்றிதழ் இல்லாதவர் பயிற்சியாளரை மேற்பார்வை செய்யக் கூடாது. கொட்டகையில் நடப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர் ஒருவரே. எனவே மறு உத்தரவு வரும்வரை பயிற்சியாளர் ஐலி கோஸ்கெலாவை மேற்பார்வையாளர் ஐலி கோஸ்கெலா மேற்பார்வை செய்வார். லமோன்டேன் உள்ளிட்ட ஏனைய பணியாளர்கள் அவருக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"இந்தக் கொட்டகையில முப்பத்திரண்டு வருஷம்," என்றார் நார்ம். தூக்கி நிறுத்தியிருந்த பெரிய வண்டியைப் பார்த்தார். "நான் வண்டியைத் தொடலை. அந்தப் பதினெட்டாம் நம்பர் ஸ்பேனரையாவது எடுத்துக் குடுக்கட்டுமா?"

ஐலி கைப்பேசியைக் கடிதத்தின்மேல் பிடித்துக் கடைசிவரை கேட்டாள். தகுதியற்றவர் கருவியைத் தொட்டால் பயிற்சியிடம் ரத்தாகும் என்று ஏழாம் விதி சொன்னது. இந்த இடத்துக்காக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அவள் கழுத்து தானாக நிமிர்ந்தது. அது அவளுக்கே புதிதாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

"எழுதிக் குடுங்க, நார்ம்," என்றாள். "பரிசீலிக்கிறேன்."

அவள் சிரிப்பாள் என்று நார்ம் சற்று நேரம் காத்திருந்தார். பிறகு காகிதம் தேடப் போனார்.