வளைவில் நிற்கும் பொறியாளர்

ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பாதையில் ஒரு குறிப்பிட்ட வளைவை அழகுபடுத்துவதென்று அரசு முறைப்படி தீர்மானிக்கப்பட்டது. அந்த வளைவு அழகாக இல்லை என்று அதுவரை யாரும் மனு கொடுத்ததில்லை. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம், பள்ளத்து ஓரமாகச் சாலையைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவர். கீழே இருந்து ஏறி வருகிறவர்களுக்கு அந்தச் சுவரின் முகம் முழுதாகத் தெரியும். ஆனால் இந்தக் காலத்தில் ஓர் ஊரை நாலு பேர் மதிக்க வேண்டுமானால் அங்கே ஒரு செல்ஃபி பாயின்ட் இருந்தாக வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லையென்றால் பக்கத்து ஊருக்குப் போய்க்கொள்ளலாம். செல்ஃபி எடுக்கப் பக்கத்து ஊருக்குப் போனால் மானம் என்னாவது? ஆகவே அந்தச் சுவரின் மேல் ஆளுயர எழுத்துகளில் ஊர்ப் பெயரும், நடுவில் ஒரு சிவப்பு இதயமும் நிறுத்த உத்தரவானது.

அந்தச் சமயத்தில்தான் மெர்சிலின் கோடை விடுமுறைக்கு நார்வேயிலிருந்து அடிவாரத்து ஊரிலிருக்கும் வீட்டுக்கு வந்திருந்தாள். மலைச்சரிவுகளும் அவற்றைத் தாங்கும் சுவர்களும் ஏன் சரிகின்றன என்பதுதான் அவள் அங்கே படித்துக்கொண்டிருந்த பொறியியல். வகுப்பில் அவளையும் சேர்த்து இரண்டே பெண்கள். வெளியே அளக்கப் போனால் கருவிகளைப் பையன்கள் பிடித்துக்கொள்வார்கள், போட்டோ எடுக்கும்போது மட்டும் மெர்சிலின் முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும். மஞ்சள் ஹெல்மெட்டோடு அவள் சிரிக்கிற படம் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் புத்தகத்தில் அட்டையிலேயே இருந்தது. உள்ளே அவள் எழுதிய கட்டுரை எதுவும் இல்லை.

அவளுடைய அப்பா பிலிப் மலைக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர். விடுமுறையில் ஒருநாள் அப்பாவின் பஸ்ஸில் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனபோது முன்சீட்டிலிருந்து அந்த வளைவுச் சுவரைப் பார்த்தாள். சுவர் பள்ளத்துப் பக்கமாகப் பிதுங்கியிருந்தது. நடுவில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. தினமும் அப்பா ஏறி இறங்குகிற பாதை அது. திரும்பும் வழியில் நேராகச் சாலை அலுவலகத்துக்குப் போனாள்.

உதவிப் பொறியாளர் கோகுலகிருஷ்ணன் அவளை எழுந்து நின்று வரவேற்றார். வெளிநாட்டில் படிக்கிற பெண் என்று தெரிந்ததும் டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

"சார், அந்த வளைவுச் சுவர் வெளியில தள்ளியிருக்குது. வெடிப்பு வேற வுட்டிருக்குது. ஐப்பசி மழைக்குத் தாங்காது சார்."

"அப்படியா மேடம்? சுவர் விழுந்துடிச்சா?"

"இன்னும் விழல."

"அப்ப நான் இன்னா பண்ண முடியும்? விழுந்த சுவருக்குத்தான் ஃபண்டு. நிக்கிற சுவருக்கு எந்தத் தலைப்புலயும் காசு கெடையாது."

"விழுந்தா கூடவே பஸ்ஸும் விழும் சார்."

"பஸ்ஸு வேற டிபார்ட்மென்ட் மேடம். அது எங்கள்து இல்ல."

இதற்கு மேல் நார்வேயில் சொல்லிக்கொடுத்தது எதுவும் உதவாது என்று மெர்சிலினுக்குப் புரிந்தது. எழுந்தவள் வாசலில் நின்று, "செல்ஃபி எடுத்தா அந்த வெடிப்பும் போட்டோவுல விழும் சார், அதையாவது பாத்துக்குங்க" என்றாள்.

கோகுலகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "இன்னாது? போட்டோவுல தெரியுமா?"

அரசு இயந்திரம் மெதுவாகத்தான் நகரும் என்று சொல்கிறவர்கள் அந்த வாரம் அந்த வளைவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். அழகுபடுத்தும் தலைப்பில் காசு இருந்தது. சிமென்ட் வந்தது, சாரம் வந்தது, பெயின்ட் வந்தது. வெடிப்பின் மேல் வழவழவென்று பூசி, அதன் மேல் ஒரு மயிலையும் வரைந்துவிட்டார்கள். சேதி கேட்டு மெர்சிலின் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், சுவத்துல வரிசையா ஓட்டை இருந்துச்சே, எங்க சார்?"

"அடைச்சாச்சு மேடம். எப்பப் பாத்தாலும் தண்ணி ஒழுகிக்கினே இருந்துச்சு. பெயின்ட் நிக்கல."

"தண்ணி ஒழுகறதுக்குத்தான் சார் அந்த ஓட்டை! அடைச்சிட்டா மலைத்தண்ணி மொத்தமும் பின்னால நின்னு சுவத்தத் தள்ளும்."

"பின்னாலதானே மேடம் நிக்கும்? முன்னால தெரியாதே."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் பெண்பிள்ளை என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள். அதற்குள் அவர் திறப்பு விழா அழைப்பிதழை நீட்டிவிட்டார். சிறப்பு விருந்தினர்: வெளிநாட்டுப் பொறியாளர் செல்வி மெர்சிலின்.

போனால் மைக் கிடைக்கும், எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று நம்பிப் போனாள். சால்வை கிடைத்தது. மஞ்சள் ஹெல்மெட்டும் கிடைத்தது, அதற்கென்றே புதிதாக வாங்கியிருந்தார்கள். மைக், வரவேற்புரையும் வாழ்த்துரையும் சிறப்புரையும் ஆற்றியவர்களிடமே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் நன்றியுரையில் முடிந்தது. பொறுக்க முடியாமல் மெர்சிலின் சுவரருகே போய் மயிலின் வயிற்றில் விரலை வைத்து, "இங்கதான் சார் பொளக்கும், இதே எடத்துலதான்!" என்று கத்தினாள். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போட்டோகிராபர் மட்டும் அருமையான போஸ் என்று நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எல்லா வாட்ஸப் குழுக்களிலும் அந்தப் படம் வந்தது. 'சுவரின் உறுதியைச் சுட்டிக்காட்டி விளக்குகிறார் வெளிநாட்டுப் பொறியாளர்' என்று கீழே எழுதியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் நார்வே பல்கலைக்கழகமும் அதை எடுத்து, 'தாய்மண்ணில் எங்கள் மாணவியின் களப்பணி' என்று போட்டுக்கொண்டது.

விடுமுறை முடிந்து கிளம்புகிற அன்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ அந்த வழியா போவாதப்பா" என்றாள்.

"வேற வழி ஏது பாப்பா? போற எடத்துக்கு அதானே ரூட்டு."

"அப்ப ஜனங்கள முன்னாடியே எறக்கி வுடு. மலையோரமா நடக்கட்டும். நீயும் மலைய ஒட்டியே ஓட்டு. சத்தியம் பண்ணு."

மகளின் படிப்பு பிலிப்புக்குப் புரியாது. ஆனால் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை உட்கார்ந்து விவாதிக்கிற பழக்கம் டிரைவர்களுக்குக் கிடையாது. மாதாவின் பேரில் சத்தியம் செய்துகொடுத்தார்.

அன்றிலிருந்து வளைவுக்கு முன்னால் பஸ் நிற்கும். "எல்லாம் எறங்குங்க, அந்தாண்ட போய் ஏறிக்கலாம்" என்பார். சந்தைக் கூடையோடு இறங்கி நடக்க யாருக்குத்தான் பிடிக்கும்? டிக்கெட் வாங்கியது நடப்பதற்கா என்று சண்டை போட்டார்கள். பொண்ணு வெளிநாடு போனதும் பிலிப்புக்குத் தலை கால் புரியவில்லை என்றார்கள். கடைசியில் பெரிய இடத்துக்குப் புகார் போய், அவருக்கு ஒரு மெமோ வந்தது. 'காசு கொடுத்த பயணிகளைக் காரணமின்றி நடக்கவைத்தது ஏன்?'

மெமோவுக்குப் பதில் எழுதுவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்கும் பிலிப் பஸ்ஸை நிறுத்தினார். மழையில் இறங்கச் சொல்கிறானே பாவி என்று திட்டிக்கொண்டே ஜனங்கள் குடைகளோடு மலையோரமாக நடந்து வளைவைத் தாண்டினார்கள். பின்னாலேயே அவர் காலி பஸ்ஸை மலையை உரசினாற்போல் ஓட்டிக் கடந்து நிறுத்தினார். கடைசி ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது மயிலின் வயிறு பிளந்தது. சுவரும் பாதிச் சாலையும் எழுத்துகளும் பள்ளத்துக்குள் போய்விட்டன. இதயம் மட்டும் ஒரு புளியமரத்தில் மாட்டித் தொங்கியது.

நார்வேயிலிருந்த மெர்சிலினுக்கு முதலில் போன் செய்தவர் கோகுலகிருஷ்ணன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், விழுந்துடிச்சு மேடம்! இனிமே ஃபண்டு வந்துடும்!"

"எங்கப்பா சார்? பஸ்ஸு?"

"பஸ்ஸு எங்கள்து இல்லியே மேடம். வெசாரிச்சு சொல்றேன்."

அப்பாவின் குரலைக் கேட்கும்வரை அவள் உயிர் அவளிடம் இல்லை. கேட்ட பிறகு தரையில் உட்கார்ந்து, இந்த முறை அடக்காமல் அழுதாள்.

முறைப்படி விசாரணை நடந்தது. வெளிநாட்டுப் பொறியாளரே நேரில் உறுதியைச் சுட்டிக்காட்டிய சுவர் என்பதால், அது விழுந்ததற்கு இயற்கை மட்டுமே பொறுப்பு என்று போட்டோவை இணைத்து அறிக்கை கொடுத்தார்கள். கோகுலகிருஷ்ணனுக்குப் பாராட்டு. பிலிப்புக்கு இரண்டாவது மெமோ. 'சுவர் விழும் என்பது சாலைத் துறைக்கே தெரியாத நிலையில் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரிந்தது எவ்வாறு? இதில் தங்கள் பங்கு என்ன?'

புதுச் சுவர் எழும்பும்வரை அந்த இடத்தில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்பது விதி. பொறியாளர் ஒருவர் எப்போதும் அங்கே இருக்க வேண்டுமாம். பணியிடமோ காலி. ஆகவே மெர்சிலினின் போட்டோவை ஆளுயரத்துக்குக் கட்-அவுட்டாக வெட்டி, ஹெல்மெட்டோடும் நீட்டிய விரலோடும், பள்ளத்து ஓரத்தில் நிறுத்திவைத்தார்கள்.

ஒருநாள் பிலிப் வீடியோவில் மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்பல்லாம் நான் எறங்குன்னு சொல்றதே இல்ல பாப்பா. அவங்களே எறங்கிடறாங்க. உங்கூட நின்னு செல்ஃபி எடுத்துக்கினு நடந்து வந்து ஏறிக்கறாங்க. நீ கத்துனப்ப ஒருத்தனும் திரும்பல. இப்ப சும்மா நிக்கிற, ஊரே எறங்குது."

மெர்சிலினுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பா, பள்ளத்து ஓரமா நின்னு செல்ஃபி எடுத்தா பின்னாலயே போய் விழுவாங்களே! மலைப் பக்கமா நகத்தி வைக்கச் சொல்லு."

"சொன்னேன். எஸ்டிமேட்டுல பள்ளத்துப் பக்கம்னுதான் கீதாம். அதான் நானே தூக்கி மலைப் பக்கம் வச்சிட்டேன். இந்தா, அதுக்கும் வந்துடிச்சு." மூன்றாவது மெமோவைக் கேமரா முன் பிடித்தார். 'பணியிலிருந்த பொறியாளரை அவர் நின்ற இடத்திலிருந்து அப்புறப்படுத்த ஓட்டுநருக்கு அதிகாரம் அளித்தது யார்?'

அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் வெளியே யாரோ கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் அடுத்த வருடப் புத்தகத்துக்குப் போட்டோ எடுக்கிறார்களாம். பையன்கள் கருவிகளோடு தயாராக நின்றார்கள். முன்வரிசையில் நடு இடம் காலியாக இருந்தது.

மெர்சிலின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றாள். சிரிப்பதற்கு முன்னால், தனக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.