மூன்று நிமிடம் இருபது செக்கன்

"கெசட்டில எப்பிடிக் கிடக்கோ அப்பிடித்தான் பாடோணும். மூண்டு நிமிசம் இருபது செக்கன். ஒரு செக்கன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தம்பிமுத்து ஐயா தன் ஸ்டொப்வோச்சை மேசைமேல் வைத்தார்.

"இருபது பேரை மேடையில ஏத்தி மூண்டு நிமிசம் ஊமையாக்கி வைக்க நான் என்ன பொலிஸா?" என்றார் செல்லத்தம்பி மாஸ்டர்.

இருவருக்கும் நடுவில் நிகழ்ச்சி நிரலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் நஸீம், கல்முனை நாட்டார் பாடல் ரசிகர் வட்டத்தின் செயலாளர். நவம்பரில் வயற் பாட்டு, டிசம்பரில் கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் நத்தார்ப் பாட்டு என்று மாதம் ஒரு வகையைக் கூடிக் கேட்பது வட்டத்தின் வழக்கம். இந்த டிசம்பரில் மாஸ்டரின் ஆட்களை மேடையேற்றிப் பாடவைப்பதென்று முடிவு, ஆனால் கேட்பதற்கு முன்பே காது கிழிந்துகொண்டிருந்தது.

சண்டை ஒரே ஒரு பாட்டைப் பற்றியது. நாற்பது வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர்த் தேவாலய முற்றத்தில், ஒரு மாலைப் பொழுதில், வயல்வேலை செய்யும் பன்னிரண்டு பேர் பாடிப் பதிந்த ஒலிநாடாக் கெசட் அது. குதிரையும் பனியும் இல்லாத நத்தார்ப் பாட்டு. பாலன் பிறப்பதே நெல் சூடடிக்கும் களத்தில்தான். இரண்டாவது சரணத்தில், "களத்துமேட்டில் பாலன்" என்று வந்து பாட்டு சட்டென்று நின்றுவிடும். ஒரு சத்தமும் இராது. சரியாக மூன்று நிமிடம் இருபது செக்கன் கழித்து, "பிறந்தாரே" என்று பன்னிரண்டு குரல்களும் ஒன்றாக எழும்.

தம்பிமுத்து ஐயா ஓய்வு பெற்ற நில அளவையாளர். அளக்க நிலம் இல்லாமற் போனபின் பாட்டுகளை அளந்தார். உலகத்திலேயே உண்மையான நத்தார்ப் பாட்டு அந்தக் கெசட்டில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. செல்லத்தம்பி மாஸ்டர் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர். தெருவில் நடந்து, தொண்டை நோகப் பாடுவதுதான் கரோல், மற்றதெல்லாம் பொய் என்பது அவர் கட்சி.

"பாட்டெண்டா உடன் மீன், ஐயா. உங்கட கெசட்டு கருவாடு" என்றார் மாஸ்டர்.

"கருவாடு வருசக்கணக்காக் கிடக்கும். உங்கட மீன் பின்னேரமே நாறும்" என்றார் ஐயா.

"ரெண்டையும் விடுங்க" என்று இடையில் புகுந்தார் ஜெமீலா டீச்சர். "அந்த மௌனம் சும்மா வந்ததில்ல. பிள்ள பிறக்கக்குள்ள உலகமே மூச்சப் புடிச்சிக்கி நிக்கிது. ஒரு காகமாவது கத்துதா பாருங்க. பன்னிரண்டு பக்கத்தில எழுதியிரிக்கன்."

அந்தக் கட்டுரை ஒரு விழா மலரில் வெளிவந்திருந்தது. வட்டத்தில் அனைவரிடமும் ஒரு பிரதி இருந்தது. வாசித்தவர் தம்பிமுத்து ஐயா மட்டுமே. அவரும் பக்கங்களை எண்ணுவதற்காகத்தான்.

நஸீமுக்கு இதில் கட்சி எதுவும் கிடையாது. அவருக்குத் தேவை வட்டம் கூடும் அந்த மேல்மாடி அறை. கூட்டுறவுச் சங்கம் இலவசமாகக் கொடுத்திருந்த அறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: உறுப்பினர் பதினைந்து பேருக்குக் குறையக் கூடாது. வட்டத்தில் இருந்தவர்கள் சரியாகப் பதினைந்து பேர். ஐயா பக்கம் நாலு, மாஸ்டர் பக்கம் ஐந்து. இவர்கள் விலகினால் மிஞ்சுவது ஆறு. ஒரு கராத்தே வகுப்பு இரண்டு வருடமாக அந்த அறைமேல் கண் வைத்துக் காத்திருந்தது.

கிழமை முழுக்கச் சாறன் துணிக்கடையில் மனேஜர் வேலை. வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், ஒரு தொலைக்காட்சி, ஓயாத கிரைண்டர். அங்கே நஸீமுக்குச் சொந்தமாக இருந்த ஒரே சத்தம் அவருடைய குறட்டை. அதற்கும் மனைவி றபீக்கா ஆட்சேபம் தெரிவித்திருந்தாள். ஞாயிறு பின்னேரம் அந்த அறையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் பாட்டுக் கேட்காவிட்டால் தனக்கு விசர் பிடித்துவிடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே சமாதானத்துக்கு வழி தேடினார்.

"பாதியா வெச்சா என்ன? ஒரு நிமிசம் நாப்பது செக்கன்."

"அரை மௌனமா?" என்றார் ஜெமீலா டீச்சர்.

"அரைக் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதுவாங்க, தம்பி. அரைப் பாட்டுக்கு எழுத மாட்டாங்க" என்றார் ஐயா.

"ஒரு செக்கனும் தர ஏலாது" என்றார் மாஸ்டர். இரண்டு வாரத்தில் மூவரும் ஒத்துப்போன முதல் விசயம் அது: நஸீமின் யோசனை கூடாது.

வீட்டில் சொன்னபோது றபீக்கா சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"பிள்ள பிறக்க மூணு நிமிசம் காணாதெண்டா சண்ட?"

"மூணு நிமிசம் கூடிப்போச்செண்டு ஒரு ஆள். காணுமெண்டு ஒரு ஆள்."

"எனக்கு மகள் அம்ஹா கிடைக்கக்குள்ள பதினாலு மணித்தியாலம். அதக் கெசட்டில பதிஞ்சிரிந்தா உங்கட வட்டம் அண்டைக்கே கலஞ்சிரிக்கும்."

அதிலிருந்து நஸீமுக்கு ஒரு யோசனை பிறந்தது. இரண்டு பிரதிகள் போட்டால் என்ன? மௌனத்தோடு ஒன்று, மௌனம் இல்லாமல் ஒன்று. விருப்பமானதைக் கேட்கட்டும்.

கெசட்டை எடுத்துக்கொண்டு பிரதான வீதியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சப்ரியிடம் போனார்.

"இதில நடுவால ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு, சப்ரி. அத எடுத்துப்போட்டு எனக்கு ஒரு கொப்பி தா."

"பழுதப் பாக்கிறத்த எனக்கு உட்டுட்டுப் போங்க, நானா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னான் சப்ரி. தொழிலில் அக்கறையான ஆள். ஊர்க் கல்யாண வீடியோக்களில் மாப்பிள்ளை சிரிக்க மறந்த இடத்தில் வேறு இடத்துச் சிரிப்பை எடுத்து ஒட்டுகிறவன்.

வியாழக்கிழமை கொப்பி தயார். நஸீமைக் கடைக்கு அலைய வைக்கக் கூடாதென்று, அவன் அதை வட்டத்தின் வட்ஸ்அப் குழுவுக்கே நேரடியாக அனுப்பிவிட்டான். மௌனத்தை அவன் எடுக்கவில்லை. வெறுமையாகக் கிடந்த இடத்தை நிரப்பியிருந்தான். "களத்துமேட்டில் பாலன்" என்றதும் ஊளையிடும் பனிக்காற்று, அதன்பின் ஜில் ஜில்லென்று வண்டி மணிகள், பிறகு ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் சிரிப்பு. மூன்று நிமிடம் இருபது செக்கன் முடிந்ததும் "பிறந்தாரே".

ஐந்து நிமிடத்தில் தம்பிமுத்து ஐயாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, கல்முனையில எந்த மாட்டு வண்டிலுக்கு இந்த மணி கட்டியிருக்கு?"

"ஐயா, அது ஸ்டூடியோவில..."

"களத்துமேட்டில பனி பெய்யுது! நெல்லு என்னத்துக்காகும்?"

அடுத்த அழைப்பு மாஸ்டருடையது. அவர் கோபப்படவில்லை, சந்தோசப்பட்டார். அது இன்னும் மோசம்.

"கண்டயளா நஸீம்? கெசட்டெண்டா இதுதான் கதி. ஆரும் எதையும் ஒட்டலாம். நான் இந்த மணிய எல்லாருக்கும் போட்டுக் காட்டுறன்."

மாலைக்குள் காரைதீவு வரை அந்த மணி ஒலித்தது. ஐயா பக்கத்து நால்வரும், கெசட்டை அவமதித்த செயலாளரின் கீழ் இருக்க முடியாது என்று இராஜினாமாக் கடிதம் தயார் செய்தார்கள். சமாதானத்தின் பெயரால் கெசட்டுக்கு மேடையில் இடம் தரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாஸ்டர் பக்கத்து ஐவரும் தயார் செய்தார்கள். ஜெமீலா டீச்சர் மட்டும் விட்டுக்கொடுத்தார்.

"நான் ஒரு வழி சொல்றன், நஸீம். மௌனம் வாற இடத்தில ஆரும் சும்மா இரிக்கத் தேவல்ல. என்ட கட்டுரைய வாசிப்பம்."

களைத்துப்போயிருந்த நஸீம் அதற்கும் ஓம் என்றார். ஆனால் பன்னிரண்டு பக்கத்தை வாசிக்க இருபத்தாறு நிமிடம் எடுக்கும் என்று ஐயா கணக்குச் சொல்லி அனுப்பினார். வெட்டி வாசிக்கச் சொன்னதில் டீச்சரும் மனம் நொந்துபோனார். ஆறு பேரும் ஐந்து பேராகும் போலிருந்தது.

பாடியவர்களையே கேட்கலாம் என்றால், பன்னிரண்டு பேரில் மிஞ்சியிருந்தவர் ஒருவர், அவரும் கனடாவில். போனில் பிடித்தபோது அவர் முக்கால் மணித்தியாலம் அங்குள்ள குளிரைப் பற்றிக் கதைத்தார். பாட்டு மறந்துவிட்டதாம்.

கடைசி முயற்சியாகக் கெசட்டின் பெட்டியை நஸீம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கத்தில் மங்கிய மையில் ஒரு வரி இருந்தது: "ஒலிப்பதிவு – சீனிமுகம்மது, மருதமுனை."

மருதமுனையில் விசாரித்தபோது ஆள் உயிரோடு இருந்தார். எழுபத்தெட்டு வயது, ஊருக்கே காக்கா, அதாவது அண்ணன். அந்தக் காலத்தில் கல்யாணம், கோயில், தேவாலயம், தேர்தல் எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டியவர். போனில் கதைக்கும்போது பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"காக்கா, நீங்க பதிஞ்ச கெசட்டில ஒரு இடத்தில சத்தம் நிண்டு போகுது!"

"என்ன நிண்டு போகுது?"

"சத்தம்! பாட்டு நடுவில நிக்கிது!"

"ஓ, ஓ. அதுக்கென்ன, வந்து பாக்கன்" என்றார் சீனிமுகம்மது. நஸீமுக்கு மூன்று வாரத்தில் முதல் தடவையாகச் சோறு இறங்கியது.

வட்டம் வழமையாக அஸர் என்னும் பின்னேரத் தொழுகை முடிந்து நாலு மணிக்குத்தான் கூடும். சீனிமுகம்மது நாலரைக்குக் கண் டொக்டரிடம் நம்பர் எடுத்திருந்ததால், அந்த ஞாயிறு மூன்று மணிக்கே கூட்டம் வைத்தார் நஸீம். பதினைந்து பேரும் வந்திருந்தார்கள். ஐயாவின் சட்டைப் பையில் நாலு கடிதம். மாஸ்டரின் கையில் ஐந்து. கராத்தே வகுப்பின் ஆசிரியர் கீழே தேத்தண்ணிக் கடையில் தற்செயலாக உட்கார்ந்திருந்தார்.

சீனிமுகம்மது ஒரு பையோடு படியேறி வந்தார். பையிலிருந்து ஸ்க்ரூ ட்ரைவர், பஞ்சு, சிறு போத்தலில் ஸ்பிரிட் ஆகியவற்றை எடுத்து மேசையில் அடுக்கினார்.

"எங்க ரெக்கோடர்?" என்றார்.

"ரெக்கோடர்ல பழுதில்ல, காக்கா. பாட்டக் கேட்டுச் சொல்லணும்."

"கேட்டாத்தானே பழுது தெரியும். போடுங்க."

நஸீம் கெசட்டைப் போட்டார். தம்பிமுத்து ஐயா ஸ்டொப்வோச்சைக் கையில் எடுத்து, பாட்டு நிற்கும் கணத்தில் அழுத்துவதற்குப் பெருவிரலைத் தயாராக வைத்தார். மாஸ்டர் கடிதங்களோடு கதிரையின் நுனிக்கு வந்தார். முதற் சரணம் போயிற்று. பதினைந்து பேரில் ஒருவர்கூடப் பாட்டைக் கேட்கவில்லை. எல்லோரும் கிழவரின் முகத்தையே பார்த்தார்கள். அவர் ஸ்பீக்கரின் அருகே காதை வைத்து, மகளின் வீட்டுக்குப் போன தகப்பனைப் போல மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சரணம் தொடங்க, மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கருவாட்டு விசாரணைக்கு நான் இரிக்க ஏலாது" என்று எழும்பிக் கடிதங்களை நீட்டினார்.

அப்போது பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கத் தொடங்கியது.

நஸீமின் விரல் தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. பாட்டு நின்றதும், மூன்று வாரப் பழக்கத்தில், ஐயாவின் பெருவிரலும் அழுந்திவிட்டது. ஜெமீலா டீச்சர் முந்தானையைத் தலைக்கு இழுத்தார். நீட்டிய கடிதங்களோடு, முழுதாக எழும்பாமலும் உட்காராமலும், மாஸ்டர் அப்படியே நின்றார். எவருடைய கதிரையும் கிறீச்சிடவில்லை. மூன்று வாரமாக வாய் மூடாத பதினைந்து பேரும், கீழே கராத்தே ஆசிரியரும், வாய் மூடியிருந்தார்கள்.

பாங்கு முடிந்தது. நஸீம் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோக, ஐயாவும் ஸ்டொப்வோச்சை நிறுத்தினார். அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசாத செல்லத்தம்பி மாஸ்டரின் பக்கம் அதைத் திருப்பிக் காட்டினார்.

மாஸ்டரின் கையிலிருந்த கடிதங்கள் மெல்ல இறங்கின.

"எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார் சீனிமுகம்மது.

"மூண்டு நிமிசம் பதினேழு செக்கன்" என்றார் ஐயா.

சீனிமுகம்மது ஸ்க்ரூ ட்ரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"அப்ப கெசட்டில ஒரு பழுதுமில்ல ஐயா. பாங்குக்காகப் பாட்ட நிப்பாட்டி, நான் மைக்கக் குறைச்சிட்டு நிண்ட அண்டைக்கு அதச் சொன்ன மோதினார், இவர விட மூணு செக்கன் கூட இழுப்பாரு."