கறுத்த கண்ணாடியும் ஏழு திருத்தங்களும்

அளந்து பார்த்தால் ஒன்று வருகிறது, கணக்குப் போட்டால் வேறொன்று வருகிறது, எதைத் திருத்துவது? 1993-இல் பெரியப்பா மகன் ஜெயக்குமார் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். 'சரிக்கட்டுவோர்' என்றோர் இனம் உண்டு என்பதும், கேட்டவரே அதில் முதல்வர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை வராது என்று அடித்துச் சொல்லிவிட்டு, நனைந்து வந்து, "இது தூறல்தான்" என்பார்கள். அண்ணன் படித்த சரிக்கட்டுவோர். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி. சூடான குழாய்க்குள் வாயுவை அனுப்பினால், அது சிதைந்து சிலிக்கான் வில்லை என்ற வட்டத் தகட்டின்மேல் மெல்லிய படலமாகப் படியும். குழாய்க்குள் வாயு எவ்வளவு இருக்கிறது? சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியே லேசரைப் பாய்ச்சி, ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். கம்ப்யூட்டரும் அதையே கணக்கிட்டுச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் டாக்டர் பட்டம்.

ஒத்துப்போகவில்லை. லேசர் நாளுக்கு நாள் வாயுவைக் கூடுதலாகக் காட்டியது. அண்ணன் அசருவாரா? கணக்கில் வெயிலுக்கு ஒரு திருத்தம் சேர்த்தார், கரண்டு ஏறி இறங்குவதற்கு ஒன்று, பந்தல்குடி ரோட்டு லாரிகளின் அதிர்வுக்கு ஒன்று. இப்படி ஆறு மாதத்தில் ஏழு திருத்தங்கள் சேர்ந்த பிறகு வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன.

ஆராய்ச்சியைச் சோதித்துப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கும் தேர்வாளர் வரும் நாளில் நானும் பார்க்கப் போனேன். லேசர் எண் தடாலென்று இறங்கிக் கிடந்தது.

"அழகுத்தாயக்கா! இதை யாரு தொட்டா?" என்று கத்தினார் அண்ணன்.

ஆய்வக உதவியாளர் அழகுத்தாய் பெருமையாக வந்தார். "நாந்தேன் தம்பி. வெளியூர்லருந்து பெரியவுக வாராகள்ல? கண்ணாடி உள்பக்கம் கருகருன்னு கெடந்துச்சு. கழத்தித் தொடச்சு மாட்டிட்டேன்."

வில்லையில் படிய வேண்டியது கண்ணாடியிலும் படிந்திருக்கிறது! ஒளியைக் கூடுதலாகக் குறைத்தது வாயு அல்ல, அந்த அழுக்கு.

"அந்தக் கறுப்போடதானேக்கா என் கணக்கு சரியா வந்துச்சு!"

"அழுக்குக்குமா தம்பி கணக்குப் போட்டீக?"

"இல்லக்கா. லாரிக்குப் போட்டேன்."

மனிதர் திருந்தினாரா? எட்டாவதாக ஒரு திருத்தம் சேர்த்தார். அதன் பெயர் 'சுத்தம்'.

தேர்வாளர் அந்தப் பெயரை இரண்டு முறை படித்தார். விளக்கம் கேட்டார். அழகுத்தாய் விளக்கினார். "எட்டையும் எடுத்துட்டுக் கணக்கைப் போடுங்க," என்றார் தேர்வாளர். ஆறு மாதத்துக்கு முன்பு அண்ணன் முதன்முதலில் போட்ட கணக்கு, ஒட்டும் இல்லாமல் வெட்டும் இல்லாமல், லேசரோடு அப்படியே பொருந்தியது.

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஏன் என்று கேட்டால், "அன்னிக்கி தேர்வாளருக்குத் தலைவலி," என்கிறார் அண்ணன்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கேட்டவர், "இப்படி ஒருத்தரை எனக்கும் தெரியும்" என்று சிரித்தால், அவருக்கு மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்கள். படிக்கும்போது நீங்கள் சிரித்தீர்களா?