அக்கா ஒரு ரோபோ

யார் மனிதர், யார் மனிதர் இல்லை என்ற கேள்விக்கு ஞானிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விடை தேடினார்கள். நம் நிபுணர் அதை நாலே வருடத்தில் முடித்துவிட்டார். அதுவும் இலவசமாக, அக்கா வீட்டு மாடியறையில், அக்கா போட்ட சோற்றில்.

அவர் ஆக்கிய மென்பொருளின் பெருமை இது: ஒருவர் ஓர் இணையதளத்தைத் திறந்ததும், வந்திருப்பது கைபேசியா, கணினியா, தொலைக்காட்சியா என்று தளத்துக்குச் சொல்லிவிடும். பட்டியலில் இல்லாத கருவி என்றால் ‘ரோபோ’, அதாவது ஆளில்லாமல் தானாகத் திரியும் நிரல். திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பது மட்டும் நிபுணர்.

அரசுக் கண் மருத்துவமனையும் அதைத்தான் நம்பியிருந்தது. அன்று மாலை ஐந்து மணியோடு இலவச அறுவை சிகிச்சைக்கான இணையப் பதிவு முடிகிறது. விட்டால் அடுத்த வருடம்தான். அம்மாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மறு கண் ஒரு வருடம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று நாள் கைபேசியில் முட்டி மோதிப் பார்த்த அக்கா, நிபுணரையும் இழுத்துக்கொண்டு பதிவு மேசைக்கே வந்துவிட்டாள்.

எழுத்தர் அவள் கைபேசியை வாங்கிப் பார்த்தார்.

“நீங்க ரோபோன்னு வருதும்மா.”

“உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்.”

“நிக்கிறீங்க. நான் இல்லேன்னு சொல்லலையே. சிஸ்டம்ல சொல்லுது.”

“அப்போ நீங்களே எழுதிக்குங்க. அம்மா பேரு, வயசு எல்லாம் சொல்றேன்.”

“கையால எழுதுறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. உங்க ஆஸ்பத்திரி கார்டுல பதிஞ்ச போன்லேர்ந்துதான் வரணும்.”

“வேற போன் மாத்திக்கவா?”

“தாராளமா. முப்பது நாள் ஆகும்.” எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். “சாப்ட்வேர் தப்பே பண்ணாதும்மா. யாரோ பெரிய மூளைக்காரரு சும்மாவே பண்ணிக் கொடுத்திருக்காராம்.”

நிபுணர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தாழ்வாரத்து பெஞ்சில் அக்கா அவரை உட்காரவைத்தாள். மணி மூன்றே முக்கால்.

“டேய், உன் பட்டியல்ல என் போனைச் சேரு. ஒரு வரிதானே?”

“ஒரு வரிதான்க்கா. சேத்தா பத்து நிமிஷத்துல இங்கேயும் வந்துடும். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கருவிலேர்ந்து மூணு மனுஷங்களாவது தளத்துக்கு வந்ததா கணக்கு இருக்கணும்.”

“நம்ம தெருவுல பாதிப் பேர் இந்த போன்தானேடா. எல்லாரும் இந்த ஆஸ்பத்திரி தளத்தைத் திறந்து பாத்தாங்களே.”

“பாத்தாங்க. பட்டியல்ல இல்லாததால ரோபோன்னு விழுந்துடுச்சு. ரோபோ வருகையக் கணக்குல எடுக்கக் கூடாது.”

“அப்போ எப்பதான் சேப்பே?”

“மூணு மனுஷங்க வந்ததும்.”



“இந்த விதிய யாரு போட்டது?”

“நான்தான்.”

“அப்போ நீயே மாத்து.”

“சொந்தக்காரங்களுக்காக மாத்தினா நாளைக்கு எவன்க்கா மதிப்பான்? நாப்பது நாட்டுல ஓடுது.”

“அம்மா கண்ணுடா.”

நிபுணர் மடிக்கணினியைத் திறந்தார். அந்த ஒரு வரியை அடித்தும் விட்டார். அடித்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது நாடுகள் தம் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அழித்தார். பிறகு அக்காவின் கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘தங்கள் கோரிக்கை முறைப்படி பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது.’

அக்கா அதைப் படித்துவிட்டு எழுந்து போனாள். ஐந்து மணிக்குப் பதிவு முடிந்தது.

அடுத்த வருடப் பதிவு தொடங்கும் முன்பே மருத்துவமனையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அம்மாவால் இனி எதையும் படிக்க முடியாதென்பதால், நிபுணர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தார்:

“கடந்த பதிவில் தங்கள் மென்பொருள் ஆறாயிரத்து இருநூறு ரோபோக்களைத் தடுத்து நிறுத்தியுள்ளது. மனிதர் ஒருவரிடமிருந்தும் புகார் இல்லை.”

அம்மா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

“ஏன்டா, அத்தனை ரோபோவும் கண்ணாஸ்பத்திரிக்கு எதுக்குடா வந்துச்சுங்க?”