கத்தியும் கத்தலும்

அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரு முடிவாவது நான் எடுத்தே தீருவது என்று. நான் எடுத்த முதல் முடிவே அதுதான் என்பதால் லேசாகத் தலை சுற்றியது.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எங்கள் வண்டியில் கற்றுக்கொள்பவர் காலடியில் ஒரு பிரேக், என் காலடியில் ஒரு பிரேக். யார் எந்தச் சுவரை நோக்கிப் பாய்ந்தாலும் கடைசி வார்த்தை என் வலது காலுடையது. வீட்டில் அப்படி ஒரு பிரேக் எனக்குப் பொருத்தப்படவில்லை. என் மனைவி தொலைபேசிக் கம்பெனியில் புகார் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்க ஊரே அவளிடம் கத்தும். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் அத்தனை பேரையும் மன்னிப்புக் கேட்க வைத்து அனுப்புவாள். இந்தத் திறமைக்குப் பகலில் சம்பளம் தருகிறார்கள். மாலையில் எனக்கு இலவசம்.

விஷயம் இதுதான். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தது, ஏழு மாதம் முடிந்திருந்தது. நான்கு வயதுப் பெரியவள் ஆபரேஷனில் பிறந்தவள். இந்தத் தடவை எப்படி?

"நார்மலுக்கு முயற்சி பண்ணிப் பார்க்கலாம்னு இருக்கேங்க," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நம்ம வீட்டில எது நார்மலா நடந்திருக்கு?"

"அதனாலதான். ஒண்ணாவது நடக்கட்டுமே."

"ஆபரேஷன்னா நாள் குறிச்சுடலாம். நான் முன்கூட்டியே லீவு சொல்லிடுவேன். போனோமா, எடுத்தோமா, வந்தோமான்னு இருக்கும்."

"கடையில சாமான் எடுக்கிற மாதிரி சொல்றீங்க."

"வலியில்லாத வழிம்மா அது."

"யாருக்கு?"

வேறு பக்கமாக வந்தேன்.

"ஏற்கெனவே அறுவை பண்ணின வயிறு..."

"இப்போ நீங்க பண்ற அறுவையைவிட அது தேவலை. இந்தச் சட்டையை அலமாரியில வைங்க."

வைத்தேன்.

உண்மையில் எனக்கு லீவைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. பயம். பெரியவள் பிறந்தபோது வயிற்றுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று பனிக்குடம் உடைந்தது. மனைவியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு மூடியது. ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். கணவன் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, சாட்சி போட வேண்டிய இடத்தில் போட்டேன். இந்தக் குடும்பத்தில் நான் வெறும் சாட்சிதான் என்பது என் கைக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, வண்டி பழக வந்த ஒருவர் போன வாரம், "ஒரு தடவை ஆபரேஷன் ஆனா, அடுத்ததுல தைச்ச இடம் பிரிஞ்சுடுமாமே சார்?" என்று கேட்டுவைத்தார். பச்சை விளக்கில் பிரேக் போட்டேன்.

ஆனால் பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் அசராமல் உட்காருகிற மனிதன், பெண்டாட்டியிடம் போய்ப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? எதிர்வீட்டு அண்ணனிடம் சொன்னேன்.

அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எல்லோருக்கும் அவர் 'பாலிசி'. மாடிப்படியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நீ எது சொன்னாலும் உன் வீட்டில அதுக்கு எதிர்ப்பதம்தானே நடக்குது?"

"ஆமாண்ணே."

"அப்போ எதிர்ப்பதத்தை நீ சொல்லிடு. ஆபரேஷன் வேணுமா? நார்மல், நார்மல்னு உயிரை எடு. அவங்களே வெறுத்துப்போய், ஆளை விடுங்க, எனக்கு ஆபரேஷன்தான்னுடுவாங்க."

"இது நடக்குமாண்ணே?"

"என் வீட்டில வருஷக்கணக்கா நடக்குது. நான் ஆட்டுவிக்கிறேன்னு உங்க அண்ணிக்கு இன்னைவரைக்கும் தெரியாது."

உள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "என்னங்க! அந்தக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லி எவ்வளவு நேரமாச்சு?"

பாலிசி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "இப்போ பாரு. எனக்குக் குப்பை கொட்டறதுன்னா உசுரு!" என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அதைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மறுநாள் மாலை டீயைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்தேன்.

"யோசிச்சுப் பார்த்தேன். நார்மல்தான் சரி. சுகப்பிரசவம்! பேரிலேயே சுகம் இருக்கு பாரு."

"பேர் வெச்சது ஆம்பளையா இருக்கும்," என்றாள். பிறகு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "எனக்கென்னவோ இப்போ ஆபரேஷனே பரவாயில்லைன்னு தோணுதுங்க."

என் இதயம் நான்காவது கியருக்கு மாறியது. பாலிசி அண்ணன் மனிதரே இல்லை, தெய்வம்!

"சேச்சே, நார்மல்தான்!" என்றேன்.

"தினம் நடக்கணுமாமே. தனியா நடக்க அலுப்பா இருக்கும்."

"நான் கூட வர்றேன்!"

"பெரியவ என்னைத்தான் தூக்கச் சொல்லி அழுவா."

"நான் தூக்கறேன்!"

"மூச்சுப் பயிற்சி வகுப்பு வேற. புருஷனும் வரணுமாம்."

"மூச்சுவிடாம வர்றேன்!"

"பிரசவ ரூம்ல கடைசிவரைக்கும் கூடவே நிக்கணும். அதெல்லாம் உங்களால ஆகாது. வேண்டாங்க, ஆபரேஷனே..."

"யாரால ஆகாது? நிப்பேன்! கல்லு மாதிரி நிப்பேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் பாவம், அதற்கு யோசனை சொல்லப் பாலிசி கிடையாது.

நடந்தேன். பெரியவளைத் தோளில் சுமந்துகொண்டு நடந்தேன். வகுப்புக்குப் போனேன். வரிசையாக வயிறு தள்ளிய பெண்கள் அழகாக மூச்சுவிட, அவர்கள் நடுவில் மயங்கிச் சரிந்த ஒரே ஆள் நான்தான். "அப்பாவைக் கொஞ்சம் படுக்க வைங்க," என்றார் பயிற்சி கொடுத்தவர். அத்தனையும் ஆபரேஷனுக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எப்போது வேண்டுமானாலும் அவள் வெறுத்துப்போய்விடுவாள்.

ஒன்பதாம் மாதம் டாக்டரம்மா நிதானமாகப் பரிசோதித்தார். போன ஆபரேஷன் குறிப்பைப் படித்தார். "குழந்தை இந்தத் தடவை தலை கீழேதான் இருக்கு. போன தழும்பும் அடிவயித்துல குறுக்காத்தான். ரெண்டு பிரசவத்துக்கும் நடுவுல நல்ல இடைவெளியும் இருக்கு. ரெண்டு வழியும் திறந்திருக்கு. உங்க முடிவு என்ன?"

இதோ, வந்துவிட்டது! நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு ஆபரேஷன் போதும்னுதான் தோணுச்சு டாக்டர். ஆனா இவர் நார்மல்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். பிரசவ ரூமுக்கே வர்றாராம். அவர் பேச்சை நான் என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

டாக்டரம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி கணவர் கிடைக்கணும்!"

"டாக்டர்... அந்தத் தையல்... பிரிஞ்சுடாதே?"

"வாய்ப்பு ரொம்பக் குறைவு. இல்லவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் குழந்தையோட துடிப்பை விடாம பார்த்துக்கிட்டே இருப்போம். தியேட்டரும் தயாரா இருக்கும். நடுவுல தேவைப்பட்டா ஆபரேஷனுக்கு மாறிக்கலாம்."

"இப்பவே மாறிக்கலாமா?"

"என்னது?"

"ஒண்ணுமில்லை டாக்டர்."

வலி வந்த அன்று நான் ஒரு பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "நான்தான் பேசறேன். வலி ஆரம்பிச்சாச்சு. பெரியவளை அம்மா பார்த்துக்கறாங்க. பதட்டப்படாம வாங்க. வண்டியை மட்டும் நீங்க ஓட்டாதீங்க," என்றாள், அதே புகார் பிரிவுக் குரலில்.

பல் டாக்டரே ஓட்டினார். மனைவியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். வண்டி உறுமியதே தவிர நகரவில்லை.

"என்னங்க," என்றது பின்சீட்டு. "பிரேக்ல இருந்து காலை எடுங்க."

பிரசவ அறையில் அவள் வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டியிருந்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் குழந்தையின் துடிப்பு குதிரை ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. என் கை அவள் கைக்குள். ஒவ்வொரு வலிக்கும் அதைப் பிழிந்து காயப்போட்டாள். ஒரு வலி அடங்கியதும் என்னைப் பார்த்தாள்.

"எதிர்ப்பதமாப் பேசச் சொன்னது பாலிசி அண்ணன்தானே?"

"உனக்கு... எப்படி?"

"குப்பையைக் கொட்டிட்டு வந்ததும் அண்ணிகிட்டப் பெருமையாச் சொன்னாராம். அண்ணி நேரா என்கிட்ட வந்துட்டாங்க."

"அப்போ ஆபரேஷன் பரவாயில்லைன்னு ஏன் சொன்னே?"

"அப்படிச் சொன்னாத்தானே நீங்க கூட நடப்பீங்க, கூட நிப்பீங்க?" அடுத்த வலி வந்து போனது. அவள் குரல் இறங்கியது. "பெரியவ பிறந்தப்போ நான் மயக்கத்துல கிடந்தேன். உறவெல்லாம் பார்த்து, வாசல் காவல்காரர்கூட அம்மா ஜாடைன்னு சொல்லிட்டுப் போனப்புறம்தான் நான் என் பிள்ளையைப் பார்த்தேன். இந்தத் தடவை முதல்ல நான் பார்க்கணும். அவ்வளவுதாங்க."

இதை அவள் இத்தனை வருடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"எனக்குப் பயமா இருக்கும்மா," என்றேன்.

"தெரியும். எனக்கும்தான். கையை விடாதீங்க."

கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தில் குதிரை தடுமாறியது. ஓட்டம் நடையாயிற்று. நர்ஸ் அவளை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார். டாக்டரம்மா விரைந்து வந்து திரையைப் பார்த்தார். "தியேட்டர்ல சொல்லி வைங்க," என்றார் மெதுவாக. என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை.

"மாறணும்னா மாறிடுங்க டாக்டர்," என்றாள் மனைவி. குரல் நடுங்கவில்லை. "எனக்குக் குழந்தை நல்லபடியா வந்தாப் போதும்."

நான் மூச்சுப் பயிற்சியெல்லாம் மறந்து, மூச்சையே மறந்து நின்றேன். குதிரை ஒரு தப்படி வைத்தது. இன்னொன்று. பிறகு பழையபடி ஓடத் தொடங்கியது. டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "சரி, தொடரலாம்," என்றார்.

குழந்தை கத்தியில்லாமல் பிறந்தது. கத்தாமல் பிறக்கவில்லை. மனைவி கத்தினாள். பையன் கத்தினான். இரண்டு பேரையும் மிஞ்சிய கத்தல் என்னுடையதுதான் என்று நர்ஸ் பிறகு சொன்னார்.

அவனை அப்படியே அவள் நெஞ்சின் மேல் வைத்தார்கள். நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு முன்னாடி நீங்க பார்க்கலையே?" என்றாள்.

"எங்கே பார்க்கிறது? நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டிருந்தேன்."

சிரித்தாள். கூடவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், வேர்வை என்று சொல்லி.

மறுநாள் காலை டாக்டரம்மா பார்க்க வந்தார். மனைவி எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். நான்தான் கைவலி தாங்காமல் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தேன்.

"ரெண்டு போதும்னு முடிவா?" என்று கேட்டார்.

"போதும் டாக்டர்," என்றாள் மனைவி.

"ஆபரேஷன் ஆகியிருந்தா அதோடயே குடும்பக் கட்டுப்பாடும் முடிச்சிருக்கலாம். இனிமே அதுக்குத் தனியா ஏதாவது பண்ணணும். ஆம்பளைங்களுக்குன்னா சின்ன வேலை. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "புதன்கிழமை இவருக்கு லீவு டாக்டர்," என்றாள் மனைவி.